சத்தம் கேட்கிறது, சொல் கேட்கவில்லை: பிறையைச் சேர்ந்த ஓர் உருமிக்காரரின் காதுகள்

பெரியவர் ஒருவரின் மகள் என் மேசைமேல் வைத்த உறைக்குள் நினைவாற்றல் சோதனை முடிவு ஒன்று இருந்தது. முப்பதுக்கு 21. அதன் அடியில், சோதனை செய்த இளம் மருத்துவர் கையால் ஒரு வரி சேர்த்திருந்தார்: "முடிவுக்கு வருமுன் செவித்திறனைப் பார்க்கவும்." அந்த வரியை அவர் எழுதாமல் விட்டிருந்தால், பெரியவர் இன்று மறதிக்கு மாத்திரை விழுங்கிக்கொண்டிருக்கக்கூடும்.

நான் மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், ஜார்ஜ்டவுனில் வேலை செய்யும் கேட்பியலாளர்; செவித்திறனைச் சோதித்துக் கருவி பொருத்துபவள். குடும்பத்தின் சம்மதத்தோடு இதை எழுதுகிறேன். அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். காதின் கணக்குகளை மாற்றவில்லை.

2024 ஜூலையில் வந்தபோது அவருக்கு வயது 62. கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தவர். தோட்டம் கைமாறியதும் 1993இல் பினாங்கில் உள்ள பிறை என்ற ஊருக்கு வந்து ஓர் உலோகத் தொழிற்சாலையில் சேர்ந்தார். தகட்டை அழுத்தி வடிவம் கொடுக்கும் இயந்திரத்தின் முன் 29 ஆண்டுகள் நின்று, 60 வயதில் ஓய்வு பெற்றார். இன்னொரு வேலையும் உண்டு, அதற்கு ஓய்வு கிடையாது. பதின்மூன்று வயதில் தோட்டத்துக் கோயிலில் தோளில் மாட்டிய உருமியை அவர் இன்னும் இறக்கவில்லை. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக் கோயில், ஆடியில் அம்மன் திருவிழாக்கள், நடுவே அழைக்கும் கோயில்கள் எல்லாம். பன்னிரண்டு ஆண்டுகளாக இனிப்பு நீர், அதாவது நீரிழிவு.

வீட்டார் சொன்ன புகார்கள் மூன்று விதம். "ஒன்றைச் சொன்னால் தலையாட்டுகிறார், பத்து நிமிடம் கழித்து அப்படி நீ சொல்லவே இல்லை என்கிறார்" என்றார் மகள். "நான் கூப்பிட்டால் கேட்காது, எதிர்வீட்டு நாய் முனகினால் கேட்கும்" என்றார் மனைவி. பெரியவரின் வாக்குமூலம் வேறு: "எனக்குக் காது நன்றாகக் கேட்கிறது, டாக்டரம்மா. இவர்கள்தான் வாய்க்குள்ளேயே பேசுகிறார்கள்." நான் டாக்டர் இல்லை என்று சொன்னேன். அதுவும் அவர் காதில் விழவில்லை, அல்லது விழாததுபோல் இருந்துவிட்டார்.

பிறகு மகள் கத்திக் கதையைச் சொன்னார். வெள்ளிக்கிழமை காலையில் கடைக்குக் கிளம்பியவரிடம் மனைவி அடுப்படியிலிருந்து, "வரும்போது ஒரு பத்தி வாங்கி வாருங்கள்" என்று சொல்லியிருக்கிறார். பட்டர்வொர்த் முழுக்க அலைந்து எஃகுக் கத்தி ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து, விலை பேசிக் குறைத்த பெருமையோடு சாமி மேடைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார் இவர். வீட்டில் சிரித்தார்கள். இரண்டாம் முறை, மூன்றாம் முறை இப்படி நடந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. மகள் இணையத்தில் தேடி, மறதி நோயின் முதல் அறிகுறிகள் என்று ஒரு பட்டியலைப் படித்துவிட்டு, அப்பாவை நினைவாற்றல் சோதனைக்கு அழைத்துப் போனார்.

அந்தச் சோதனை நடந்த விதத்தையும் கேட்டேன். மருத்துவர் முகக்கவசம் அணிந்திருந்தார். மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. கேள்விகள் மலாய் மொழியில். சில சொற்களைச் சொல்லி, கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பச் சொல்லச் சொன்னபோது, பெரியவர் வேறு சொற்களைச் சொல்லியிருக்கிறார். அந்தச் சொற்கள் கேட்ட சொற்களோடு ஓசையில் ஒத்திருந்தன என்பதை மகள் அப்போதே கவனித்திருக்கிறார், ஆனால் பொருட்படுத்தவில்லை. தவறாகக் காதில் விழுந்ததை இவர் சரியாக நினைவில் வைத்திருந்து ஒப்பித்திருக்கிறார். தாளில் அது மறதி என்று பதிவாகிவிட்டது.

எண்ணெயும் குறும்பியும்

இதற்கு ஒரு முன்கதை இருக்கிறது. 2023 கடைசியில் வலது காது அடைத்துக்கொண்டது. மனைவி நல்லெண்ணெயில் பூண்டு தட்டிப்போட்டுக் காய்ச்சி, ஆறவைத்து ஊற்றினார். பெரியவர் பஞ்சுக்குச்சியால் குடைந்தார். அடைப்பு இறுகியது. ஒரு கிளினிக்கில் குறும்பியைக் கழுவி எடுத்தார்கள். "கதவு திறந்ததுபோல் இருந்தது" என்றார். எல்லோரும் பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தார்கள். அங்கே யாரும் செவித்திறன் சோதனை செய்யச் சொல்லவில்லை. எட்டு மாதம் அப்படியே போனது.

குறும்பி முழுதாக அடைத்தால் ஏறக்குறைய 20, 30 டெசிபெல் (ஒலியின் பலத்தை அளக்கும் அலகு) வரை ஒலி குறையும். அதை எடுத்தால் அந்த 30 திரும்பிவரும், அதற்குமேல் ஒன்றும் வராது. அடைப்புக்குப் பின்னால் பல ஆண்டுகளாக இருந்துவந்த இழப்பு, கதவு திறந்த மகிழ்ச்சியில் மறைந்துபோகும். அவருக்கு நடந்தது இதுதான்.

குறும்பி அழுக்கு என்ற எண்ணத்தை நம் வீடுகளிலிருந்து எடுப்பது, காதிலிருந்து குறும்பியை எடுப்பதைவிடக் கடினம். அது தோலைக் காக்கும் பூச்சு. காதுக் குழாயின் தோல் செவிப்பறையிலிருந்து வெளிப்பக்கமாக மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கிறது. குறும்பியும் அதோடு தானாக வெளியே வந்துவிடும். பஞ்சுக்குச்சி அதை உரலில் உலக்கை இடிப்பதுபோல் உள்ளே இடித்து இறுக்குகிறது. எண்ணெய் விஷயத்தில் எனக்கு இன்னும் கண்டிப்பு அதிகம். செவிப்பறையில் ஓட்டை இருந்தாலும் அது வீட்டில் யாருக்கும் தெரியாது. எண்ணெய் நடுக்காதுக்குப் போய்விடும். இனிப்பு நீர் உள்ளவர்களுக்குக் காதுக் குழாயில் கிருமி புகுந்தால் அது எலும்புவரை பரவக்கூடியது, உயிருக்கே ஆபத்து. பாட்டி வைத்தியத்தின்மேல் எனக்குக் கோபம் கிடையாது, ரசத்தில் பூண்டு நிறையப் போடுங்கள்.

இங்கே பெரியவரின் கதையை விட்டு ஒரு பேச்சு. ஒரு காது ஓர் இரவில், அல்லது இரண்டு மூன்று நாளுக்குள், திடீரென்று மந்தமாகிவிட்டால் அதைக் குறும்பி என்றோ குளித்த தண்ணீர் என்றோ நினைத்து எண்ணெய் ஊற்றிக் காத்திருக்கக்கூடாது. உள்காது நரம்பு சார்ந்த திடீர் இழப்பாக இருந்தால், காது மூக்கு தொண்டை மருத்துவர் ஸ்டீராய்டு மருந்து கொடுப்பார். அதை எத்தனை சீக்கிரம் தொடங்குகிறோமோ அத்தனைக்கு நல்லது. இரண்டு வாரம் கடந்தால் பலன் கிடைக்கும் வாய்ப்பு வெகுவாகச் சுருங்கிவிடும். இரண்டு மாதம் எண்ணெய் ஊற்றிவிட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் என்ன சொல்வதென்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

சோதனை அறையில்

காதுக் குழாய்கள் சுத்தமாக இருந்தன. செவிப்பறை இரண்டும் முழுதாக இருந்தன. 512 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் ஒலிக்கும் இசைக்கவையைத் தட்டிக் காதுக்கு முன்னும் காதுக்குப் பின்னால் எலும்பின்மேலும் வைத்துப் பார்த்தபோது, இரண்டு பக்கமும் காற்று வழியே வந்த ஒலிதான் அவருக்குப் பலமாகக் கேட்டது. செவிப்பறையின் அசைவை அளக்கும் சோதனையும் இயல்பு. நடுக்காதில் கோளாறு இல்லை, இனி உள்காதுதான்.

ஒலி புகாத அறையில் அமர்த்தி, காதில் ஹெட்போனை மாட்டி, கையில் பொத்தானைக் கொடுத்தேன். எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும் சரி, கேட்டவுடன் அழுத்த வேண்டும். ஹெர்ட்ஸ் எண் கூடக்கூட ஒலியின் சுருதி ஏறும். 1000 ஹெர்ட்ஸில் உற்சாகமாக அழுத்தினார். 2000இல் கொஞ்சம் தயங்கினார். 4000 ஹெர்ட்ஸுக்கு மாற்றி 40 டெசிபெலில் தொடங்கினேன். அசைவில்லை. 50, 60, 65. கண்ணாடி வழியே அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணை மூடி, தலையை ஒரு பக்கம் சாய்த்து, தாளத்துக்குக் காத்திருப்பவர்போல் இருந்தார். 70, 75. கண்ணைத் திறந்து, "மிஷின் நின்றுவிட்டதா, டாக்டரம்மா?" என்று கேட்டார். 80இல்தான் கட்டைவிரல் அசைந்தது.

அவருக்குக் கேட்கத் தொடங்கிய அளவுகள் இவை; எண் கூடினால் இழப்பும் கூடுதல். வலது காது: 500 ஹெர்ட்ஸில் 25, 1000இல் 30, 2000இல் 50, 3000இல் 75, 4000இல் 80, 8000இல் 60 டெசிபெல். இடது காது: அதே வரிசையில் 20, 25, 40, 55, 60, 45. உலகச் சுகாதார நிறுவனத்தின் இன்றைய அளவுகோலில் 20 டெசிபெலுக்குக் கீழே இருந்தால் இயல்பு. 20 முதல் 35க்குள் லேசான இழப்பு, 35 முதல் 50க்குள் மிதமான இழப்பு. 500, 1000, 2000, 4000 ஆகிய நான்கின் சராசரியைப் பார்த்தால் வலது 46, இடது 36. இரண்டுமே மிதம் என்ற பெட்டிக்குள் விழுகின்றன. "மிதம்" என்ற சொல்லைக் கேட்டதும் மனைவி நிம்மதிப் பெருமூச்சு விட்டார். இந்தச் சொல்மேல் எனக்குப் பழைய வருத்தம் உண்டு. சராசரி என்பது தலையை அடுப்பிலும் கால்களைப் பனிக்கட்டியிலும் வைத்தவனுக்குச் சூடு சரியாக இருக்கிறது என்று சொல்லும் கணக்கு.

வரைபடத்தில் கோடு மேலேயிருந்து மெதுவாக இறங்கி, 4000இல் பள்ளத்தில் விழுந்து, 8000இல் மறுபடி ஏறுகிறது. வயதால் மட்டும் வரும் இழப்பில் கோடு சரிந்துகொண்டே போகும், இப்படித் திரும்பி ஏறாது. இரைச்சலில் கெட்ட காதின் கையொப்பம் இந்தப் பள்ளம். காதுக் குழாயின் நீளமும் வடிவமும் 3000 ஹெர்ட்ஸ் அருகே ஒலியைத் தாமாகவே பெருக்கிக் கொடுக்கின்றன. இரைச்சலின் அடி அதற்குச் சற்று மேலே, 4000 சுற்றுவட்டாரத்தில் போய் இறங்குகிறது. உள்காதில் நத்தைக் கூடுபோல் இரண்டரைச் சுற்றாகச் சுருண்டிருக்கும் காக்ளியா ஒரு பட்டாணி அளவுதான் இருக்கும். பிறக்கும்போது அதில் ஒலியை உணரும் மயிர்க்கலங்கள் சுமார் 15,000. செத்தால் திரும்ப முளைப்பதில்லை. கோழிக்கு முளைக்கிறது, மனிதருக்கு இல்லை.

இனிப்பு நீரும் பங்காளியாக இருக்கலாம். உள்காதை ஊட்டி வளர்ப்பவை மிகச் சிறிய இரத்தக் குழாய்கள். கண்ணுக்கும் சிறுநீரகத்துக்கும் நீரிழிவு செய்வதை அவற்றுக்கும் செய்யும். எது எவ்வளவு கெடுத்தது என்று பிரித்துச் சொல்ல என்னிடம் கருவி இல்லை.

இப்போது பத்திக்கும் கத்திக்கும் வருவோம். ஆ, ஈ, ஊ என்னும் உயிர் ஒலிகளின் பலமெல்லாம் பெரும்பாலும் கீழ் அதிர்வெண்களில் இருக்கிறது. ம, ந, ண போன்ற மெல்லினமும் அப்படித்தான். அவை பெரியவருக்குக் குறையில்லாமல் கேட்கின்றன. அதனால்தான் யாரோ பேசுகிறார்கள், என்ன குரலில் பேசுகிறார்கள், கோபமா குழைவா என்பதெல்லாம் அவருக்குத் தெரிகிறது. க, ச, ட, த, ப, ற ஆகிய வல்லினத்தை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டும் சிறு வெடிப்பும் உரசலும் பெரும்பாலும் 2000க்கு மேலே. ச என்ற எழுத்தின் உரசல் 4000ஐயும் தாண்டும். ஆகவே பத்தி, கத்தி, சத்தி மூன்றும் அவருக்கு "அத்தி" என்று வந்து சேர்கின்றன. மீதியை மூளை ஊகித்து நிரப்புகிறது. அம்மா, மாமா, மழை, மணி என்று பேசிக்கொண்டிருந்தால் அவருக்குக் காது கேட்காது என்று எந்த நீதிமன்றத்திலும் நிரூபிக்க முடியாது.

இதைச் சோதித்தும் பார்த்தேன். எங்களிடம் பதிவு செய்த மலாய்ச் சொற்பட்டியல் இருக்கிறது. தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவர் இவர். கடைக்கும் வேலைக்கும் போதுமான மலாய்தான் தெரியும். தெரியாத சொல்லைத் தவறாகச் சொன்னால் குற்றம் காதுடையதா, மொழியுடையதா? அதனால் தமிழில் நானே தொகுத்து வைத்திருக்கும் 25 சொற்களை, வாயைத் தாளால் மறைத்துக்கொண்டு ஒலிவாங்கியில் படித்தேன். இது தரப்படுத்திய சோதனை ஆகாது. என் குரல் நாளுக்கு நாள் மாறும். ஆனாலும் வலது காதில் 16, இடது காதில் 19 சரி என்று வந்ததும், தவறியவை எவை என்று பார்த்ததும் போதுமான பாடமாக இருந்தன. மரம், வானம், வெல்லம் எல்லாம் சரி. தட்டு என்றதற்குக் கட்டு. சட்டி என்றதற்குத் தட்டி. பாக்கு என்றதற்குக் காட்டு. மகள் வெளியே நின்று இந்தப் பதில்களைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் கண் கலங்கியது. "நான் அப்பாவை எத்தனை முறை கத்தியிருக்கிறேன்" என்றார்.

கத்துவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. குரலை உயர்த்தும்போது பெரிதாவது உயிர் ஒலிதான்; வல்லினம் அந்த அளவுக்குப் பெரிதாவதில்லை. ஏற்கெனவே கேட்கும் பகுதி இன்னும் பலமாகக் கேட்கிறது, கேட்காத பகுதி கேட்காமலே இருக்கிறது. கேட்பவருக்குச் சொல் தெளிவதில்லை, திட்டு மட்டும் தெளிவாகக் கேட்கிறது.

ஒரு விஷயம் என்னை உறுத்தியது. இரைச்சல் பொதுவாக இரண்டு காதையும் ஒரே அளவில் கெடுக்கும். இவருக்கு 3000இலும் 4000இலும் வலது காது 20 டெசிபெல் மோசம். அப்படி இருந்தால் செவி நரம்பில் கட்டி எதுவும் இல்லை என்று உறுதி செய்யாமல் விடக்கூடாது. காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அனுப்பினேன். எம்.ஆர்.ஐ. எடுக்கச் சில வாரங்கள் ஆயின, கட்டி இல்லை. பிறகு பேச்சுவாக்கில் கேட்டபோது, உருமி மேளத்தில் அவர் நிற்பது எப்போதும் இடது ஓரம் என்றார். மற்ற மேளங்கள் எல்லாம் அவருக்கு வலப்பக்கம். காரணம் அதுதான் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன்.

பிளாஸ்டிக் பை

இரண்டாம் முறை வந்தபோது மனைவி ஒரு பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்தார். பழைய சம்பளச் சீட்டுகள், தீர்ந்துபோன கடன் புத்தகம், அவற்றுக்கு நடுவே தொழிற்சாலையில் எடுத்த செவித்திறன் சோதனைத் தாள்கள் இரண்டு. 2008: வலது காது 4000 ஹெர்ட்ஸில் 45, 2000இல் 20. 2015: அதே இடத்தில் 60, 2000இல் 35. ஓரத்தில் அவருடைய பகுதியின் இரைச்சல் அளவு 92 டெசிபெல் என்று எழுதியிருந்தது. இரண்டிலும் அவருடைய கையெழுத்து இருந்தது. இவற்றின் பொருளை யாராவது விளக்கினார்களா என்று கேட்டேன். "கையெழுத்துப் போடச் சொன்னார்கள், போட்டேன்."

அந்தத் தாள்களை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். 2008இல் இவருக்கு வயது 46. பள்ளம் தெளிவாக விழுந்துவிட்டது, பேச்சுக்கு வேண்டிய 2000 ஹெர்ட்ஸ் இன்னும் கெடவில்லை. பத்தியும் கத்தியும் இரண்டு சொற்களாக இருந்த காலம்.

மலேசியாவில் 1989ஆம் ஆண்டின் தொழிற்சாலை இரைச்சல் விதிகள் 8 மணி நேரத்துக்கு 90 டெசிபெல் என்று வரம்பு வைத்திருந்தன. அந்தக் கணக்கில் 92 டெசிபெலில் சுமார் 6 மணி நேரம் நிற்கலாம். 2019 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த புதிய விதிகள் வரம்பை 85ஆக இறக்கின. 3 டெசிபெல் ஏறினால் நேரம் பாதியாகும் என்ற கணக்கைக் கொண்டுவந்தன. 85க்கு 8 மணி நேரம் என்றால் 88க்கு 4, 91க்கு 2. பெரியவரின் 92க்கு ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூட. காது 1993இலும் அதே காதுதான். தாளில் இருந்த எண் மட்டும் மாறியது. அவர் ஓய்வு பெற மூன்று ஆண்டு இருக்கும்போது.

காது மூடி கொடுக்கவில்லையா என்று கேட்டால், கொடுத்தார்கள். ஆனால் மண்டோர் (மேற்பார்வையாளர்) கூப்பிட்டால் கேட்காது, வியர்க்கும், பசியாறப் போகும்போது கழற்றினால் திரும்ப மாட்ட மறந்துபோகும். பாதி நேரம் கழுத்தில்தான் தொங்கியது. இதில் ஒரு கணக்கு இருக்கிறது; எந்தத் தொழிலாளிக்கும் இதை யாரும் சொல்லிக் கொடுப்பதாகத் தெரியவில்லை. 30 டெசிபெல் குறைக்கும் மூடியை 8 மணி நேரமும் அணிந்தால் 30 குறையும். இரைச்சலுக்கு நடுவே மொத்தம் அரை மணி நேரம் கழற்றினால், அந்த நாளுக்கான பாதுகாப்பு ஏறக்குறைய 12 டெசிபெலாக விழுந்துவிடும். ஏழரை மணி நேரம் பட்ட சிரமத்தின் பெரும்பகுதி அந்த அரை மணி நேரத்தில் கரைந்துவிடுகிறது.

பழைய தாள்கள் ஒரு வழிக்கு உதவின. வேலையிடத்து இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பைத் தொழில்சார் நோயாகக் காட்டி, தொழிலாளர்களுக்கான சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவிடம் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பம் எழுத மகளுக்கு உதவினேன். அந்தப் பை குப்பைக்குப் போயிருந்தால் இது எத்தனை மடங்கு கடினமாகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வேலையிடத்தில் செய்த சோதனையின் நகலைக் கேட்டு வாங்கி, 2000, 3000, 4000 ஹெர்ட்ஸ் எண்களை முதல் சோதனையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சராசரியாக 10 டெசிபெலோ அதற்கு மேலோ மாறியிருந்தால், முதலாளி ஏதாவது செய்தாக வேண்டும்.

கருவி

பெரியவர் ஒரு கருவி போதும் என்றார், அதுவும் வெளியே தெரியாததாக. கண்ணாடி போடும்போது ஒரு கண்ணுக்கு மட்டுமா போடுகிறோம் என்று கேட்டேன். சிரித்தார், ஆனால் மசியவில்லை. விலை சில ஆயிரம் வெள்ளி (ரிங்கிட்). பிள்ளைகள் மூவரும் பகிர்ந்துகொண்டார்கள். இரண்டு காதுக்கும், காதின் பின்னால் உட்கார்ந்து மெல்லிய கம்பி வழியே சிறு ஒலிபெருக்கியைக் காதுக்குள் இறக்கும் வகைக் கருவியை வைத்தோம். கீழ் அதிர்வெண்களை அப்படியே விட்டுவிட்டு மேலே உள்ளதை மட்டும் ஏற்றினேன். செவிப்பறைக்கு அருகில் நுண்குழாயை வைத்து, கருவி உண்மையில் எவ்வளவு ஒலியைக் கொடுக்கிறது என்று அளந்தேன். இந்த அளவை எடுக்காமல் கருவியை விற்பவர்களிடம் வாங்காதீர்கள். செருப்பைக் காலில் போட்டுப் பார்க்காமல் வாங்குவதற்குச் சமம் அது.

கருவி ஓடத் தொடங்கியதும் அவர் முதலில் திரும்பிப் பார்த்தது மனைவியின் கையை. வளையல். பிறகு குளிர்சாதனத்தை, பிறகு தன் சட்டைப் பையில் மடித்து வைத்திருந்த ரசீதை. அது நொறுங்கும் சத்தத்தை இரண்டு மூன்று முறை செய்து பார்த்தார்.

மூன்று வாரத்தில் கருவி அலமாரி இழுப்பறைக்குள் போய்விட்டது. பாத்திரம் உருளும் சத்தம் மண்டையைப் பிளக்கிறது, மெல்லும் சத்தம் காதுக்குள் இடிக்கிறது என்றார். இது அவர் பிடிவாதம் இல்லை. ஆண்டுக்கணக்கில் மேல் ஒலிகளைப் பார்க்காத மூளைக்கு அவை எல்லாம் ஒரே நாளில் விருந்தாளியாக வந்து இறங்கியிருக்கின்றன. ஏற்றத்தைக் குறைத்து, மாதத்துக்குக் கொஞ்சமாக உயர்த்தினோம். வீட்டில் இரண்டு மணி நேரம், பிறகு நான்கு. கருவியின் பதிவில் முதல் மாதச் சராசரி நாளுக்கு 2 மணி நேரம். ஆறாம் மாதத்தில் 9.

இடையில் ஒருமுறை, "மிஷின் செத்துவிட்டது" என்று வந்தார். பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஒலிவாங்கித் துளைகள் இரண்டும் வெள்ளையாக அடைத்திருந்தன. தினமும் தலைக்குத் தேங்காய் எண்ணெய், நெற்றி நிறையத் திருநீறு; கருவியை மாட்டிக்கொண்டே பூசிக்கொண்டிருக்கிறார். எண்ணெயில் குழைந்த திருநீறு நல்ல சிமெண்டு. தூரிகையால் எடுத்துவிட்டேன். இப்போது முதலில் எண்ணெய், பிறகு சாமி கும்பிடுதல், கடைசியில் கருவி என்று வரிசை. நம் ஊர்ப் புழுக்கத்துக்கு, இரவில் ஈரம் உறிஞ்சும் குருணை போட்ட டப்பாவில் வைக்கச் சொல்லியிருக்கிறேன். வெளிநாட்டுக் கையேடுகளில் ஈரத்தைப் பற்றி ஒரு வரி இருக்கும். திருநீற்றைப் பற்றி எந்தக் கையேட்டிலும் நான் பார்த்ததில்லை.

நவம்பரில் நினைவாற்றல் சோதனையை மறுபடி செய்தார்கள். கருவி அணிந்து, முகக்கவசம் இல்லாமல், தமிழ் தெரிந்த ஒருவர் கேட்டார். 27. இதை முழுக்கக் கருவியின் வெற்றி என்று எழுத ஆசைதான். ஆனால் மொழி மாறியது, சூழல் மாறியது, சோதனை அவருக்கு ஒருமுறை பழகியதும் ஆகும். மகள் கேட்டார்: "அப்படியானால் இனி அப்பாவுக்கு மறதி நோய் வராதா?" லான்செட் ஆணையத்தின் 2024 அறிக்கை, மாற்றக்கூடிய 14 ஆபத்துக் காரணிகளில் செவித்திறன் இழப்பையும் சேர்த்திருக்கிறது. அமெரிக்காவில் 70 முதல் 84 வயதுவரை உள்ள 977 பேரை மூன்று ஆண்டு கவனித்து 2023இல் வெளியிட்ட ஆய்வில், எல்லோரையும் சேர்த்துப் பார்த்தபோது கருவி அணிந்தவர்களின் அறிவாற்றல் சரிவில் வித்தியாசம் தெரியவில்லை. ஏற்கெனவே ஆபத்து அதிகம் உள்ள பிரிவினரிடம் மட்டும் சரிவின் வேகம் 48 விழுக்காடு குறைந்தது. "வராது என்று சொல்லமாட்டேன், அக்கா. மனிதரோடு பேசிக்கொண்டிருப்பார் என்று மட்டும் சொல்வேன்" என்றேன்.

கருவியால் ஆகாததும் உண்டு. கல்யாண மண்டபத்தில், தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலின் ஒலிபெருக்கிக்கு அருகில், அவருக்கு இன்னும் பேச்சு புரிவதில்லை. செத்த மயிர்க்கலத்தின் வேலையை, ஒலியைப் பெருக்கும் கருவியால் செய்ய முடியாது. வீட்டில் மனைவி பழக்கத்தை மாற்றிக்கொண்டார்: அடுப்படியிலிருந்து கூப்பிடுவதில்லை, பக்கத்தில் வந்து, தோளைத் தொட்டு, முகம் பார்த்துச் சொல்கிறார். புரியாவிட்டால் அதே சொல்லைத் திரும்பச் சொல்லாமல், ஊதுபத்தி என்று மாற்றிச் சொல்கிறார்.

பேரன்

2025 பிப்ரவரியில் தைப்பூசம் முடிந்த மறுநாள், தாத்தாவின் மேளக் குழுவில் வாசிக்கும் 17 வயதுப் பேரனுக்குக் காதில் இரைச்சல். இரண்டு நாளில் நின்றுவிட்டது. தாத்தாதான் என்னிடம் இழுத்துக்கொண்டு வந்தார். "எனக்கும் அந்த வயதில் இப்படித்தான் இருந்தது. தூங்கி எழுந்தால் போய்விடும். நாங்கள் அதை மேளம் காதுக்குள் குடியேறுவது என்போம்."

சோதனையில் பெரும்பாலும் 5, 10 என்று இருந்தது. 4000இல் வலது 20, 6000இல் வலது 25. வேலைக்கு அனுப்பும் தாளில் இதைப் பார்த்தால் யாரும் கவலைப்படமாட்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிறையில் கோயிலுக்குப் பின்னால் அவர்கள் ஒத்திகை பார்க்கும் இடத்துக்கு ஒலி அளவுமானியோடு போனேன். பையன் காதருகே சராசரி 100 டெசிபெல். அந்த அளவில் ஒரு நாளைக்குத் தாங்கக்கூடியது 15 நிமிடம். ஒத்திகை இரண்டரை மணி நேரம் நடந்தது. எனக்கே உருமியின் அந்த முனகலில் உடம்பு சிலிர்த்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். நிறுத்தச் சொல்ல நான் போகவில்லை.

நுரையடைப்பான் கொடுத்ததும் பையன்கள் பாதி வெளியே தெரியும்படி காதில் செருகிக்கொண்டு, "ஒன்றும் குறையவில்லையே" என்றார்கள். அடைப்பானைக் குச்சிபோல் மெல்லியதாக உருட்ட வேண்டும். மற்றக் கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காதை மேலும் பின்னுமாக இழுத்தால் குழாய் நேராகும். உள்ளே விட்டு, நுரை விரிந்து உட்காரும்வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருக்க வேண்டும். சரியாகப் போட்டதும் புகார் தலைகீழானது: தாளம் மங்கிவிட்டது, உருமியின் இழுப்பு கேட்கவில்லை. நுரை மேல் ஒலிகளை அதிகமாகத் தின்றுவிடும் என்பதால் அது நியாயமான புகார். எல்லா அதிர்வெண்ணையும் ஏறக்குறைய ஒரே அளவில், 15 டெசிபெல்போல் குறைக்கும் இசைக் கலைஞர்களுக்கான வடிகட்டி அடைப்பான்கள் கிடைக்கின்றன. 100 என்பது 85 ஆனால் 15 நிமிடம் 8 மணி நேரமாகிறது. எட்டுப் பேருக்கு வாங்கினார்கள். ஆறு பேர் அணிகிறார்கள். தாத்தாவும் மேளத்தின்போது கருவியைக் கழற்றி டப்பாவில் போட்டு மனைவியிடம் கொடுத்துவிட்டு அடைப்பானைப் போட்டுக்கொள்கிறார். குழுவில் இப்போது வலது ஓரத்துக்கு மாறி நிற்கிறார்.

சொக்சோ விண்ணப்பத்துக்கு இன்னும் சில ஆவணங்கள் கேட்டிருக்கிறார்கள். பேரனுக்கு அடுத்த சோதனை பள்ளி விடுமுறையில். மூன்று நாள் மேளம் தொடாமல் வரச் சொல்லியிருக்கிறேன். 6000இல் அந்த 25 எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும்.